கல்லிடம் கேட்க முடியாதவை: புதுச்சேரிச் சொல்தாக்களும் போரின் வாய்மொழி வரலாறும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலை நிற்கும் அதே சாலையில், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னமும் நிற்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சின் பக்கம் நின்று மடிந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பப்பட்ட அது, 1938 ஏப்ரல் 3ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. ஆண்டுதோறும் பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 அன்று அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். முன்னாள் வீரர்கள் பழைய பதக்கங்களை அணிந்து வந்து நிற்பார்கள். பிரெஞ்சு நாட்டுப்பண் ஒலிக்கும்; நம் நாட்டுப்பண்ணும் ஒலிக்கும்.

அந்தச் சின்னம் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது. இவ்வூரிலிருந்து சிலர் தொலைதூரப் போருக்குப் போனார்கள், திரும்பவில்லை. அவர்கள் ஏன் போனார்கள், எந்த மொழியில் கட்டளை கேட்டார்கள், தாயிடம் என்ன சொல்லிவிட்டுக் கப்பலேறினார்கள், மரணச் செய்தி தெருவுக்குள் எவ்வாறு வந்தது, பிழைத்துத் திரும்பியவர்கள் இரவில் எப்படி உறங்கினார்கள் என்பவற்றையெல்லாம் கல்லிடம் கேட்க முடியாது. மனிதர்களிடம் கேட்டிருக்கலாம். ஆனால் முதல் உலகப் போருக்குச் சென்றவர்களில் இன்று எவரும் உயிருடன் இல்லை. பிரான்சில் அப்போரின் கடைசி வீரராக அறியப்பட்ட லசார் பொந்திசெல்லி 2008 மார்ச்சில் தமது 110ஆம் வயதில் மறைந்தார். அடுத்த போர்களின் முறையும் வந்துவிட்டது. இந்தோசீனப் போர் முடிந்த 1954இல் இருபது வயதிலிருந்த ஒருவர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார்.

புதுச்சேரி கண்ட போர்களை விளங்கிக்கொள்ள, அவற்றில் இருந்தவர்கள் தம் வாயால் சொல்வது இன்றியமையாதது என்பதே நாங்கள் இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்புவது. வாய்மொழியை ஆவணத்துக்கு ஒட்டுப்போடும் துணைச்சான்றாகக் கருதும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஆவணங்கள் எழுப்பாத கேள்விகளுக்கு விடை அங்கேதான் கிடைக்கிறது என்பதை இவ்வூரின் வரலாறே காட்டுகிறது.

கேட்டு எழுதிய ஒருவர்

போர்ச் செய்தியைக் காதால் கேட்டு அன்றன்றே எழுதிவைத்த ஒருவரை இவ்வூர் பெற்றிருந்தது. தூப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை வாசித்தவர்கள் இதை அறிவார்கள். பிள்ளை தாம் கண்டதோடு கேட்டதையும் விடாமல் எழுதுகிறார். இன்னார் வந்தார், இன்னது சொன்னார், அதற்கு நான் இவ்வாறு சொன்னேன் என்று பக்கம் பக்கமாகப் பேச்சு ஓடுகிறது. 1748இல் ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் நகரை முற்றுகையிட்ட நாட்களையும், அப்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும், ஊரார் பட்ட துயரத்தையும் நாம் அவர் வழியாகவே அருகிருந்து அறிகிறோம். பேச்சுவழக்கை ஒட்டிச் செல்லும் அந்நடையே அதன் பெரும் செல்வம். பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய நாவல்களை அந்த நாட்குறிப்பிலிருந்துதான் வளர்த்தெடுத்தார். இரண்டாவது நாவல் 1995இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது.

ஆயினும் பிள்ளை அமர்ந்திருந்த இடத்தை நாம் மறந்துவிடலாகாது. அவர் ஆளுநருக்கு அருகில் இருந்தார், பெருவணிகர், மேட்டிலிருந்து ஊரைப் பார்த்தவர். அவருடைய இறுதி மாதங்களில் நடந்தவற்றுள் ஒன்றை நினைவுகூர்வோம். 1760இல் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படை நகரைச் சூழ்ந்துகொண்டது. உணவு குறைந்துவந்த நிலையில், பிரெஞ்சுத் தளபதி லாலி நகரில் எஞ்சியிருந்த தமிழ்க் குடிகளை வெளியேற்றினார். ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் அவர்களைச் சுமார் 1400 பேர் என்கிறார். ஆணும் பெண்ணும் முதியோரும் குழந்தைகளுமாக வெளியேறிய அவர்களை ஆங்கிலேயரும் முதலில் கடந்துபோக விடவில்லை. கோட்டைக்கும் முற்றுகைக்கும் நடுவே நாட்கணக்கில் அவர்கள் பட்டினி கிடந்தார்கள். 1761 ஜனவரி 16 அன்று நகரம் சரணடைந்தது. பின்னர் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அதற்குச் சில நாட்கள் முன்னரே பிள்ளை காலமாகியிருந்தார்.

லாலி என்ன எண்ணினார், கூட் என்ன எண்ணினார் என்பதை அறிய எழுத்துகள் உண்டு. நடுவே கிடந்தவர்களில் ஒருவருடைய சொல்லும் நம்மை வந்தடையவில்லை. வேலிக்கு நடுவே கிடந்த அந்நாட்களில் எதைத் தின்றார்கள், யாரைப் புதைத்தார்கள், பிழைத்தவர்கள் பின்னர் எந்த ஊரில் ஒதுங்கினார்கள் என்பது போரின் வரலாறு இல்லையா? அவர்கள் எண்ணிக்கையாக மட்டும் எஞ்சினார்கள். போரைப் பற்றிய வாய்மொழிச் சான்று பதியப்படாதபோது என்ன நேர்கிறது என்பதற்குப் புதுச்சேரி மண்ணிலேயே கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டு இது.

சொல்தா என்னும் சொல்

அவர்களுக்குப் பின்வந்த தலைமுறைகளில் புதுச்சேரிக்காரர்கள் பிறர் மண்ணில் போரிடச் சென்றார்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவரைப் புதுச்சேரித் தமிழ் 'சொல்தா' என்று அழைக்கிறது. படைவீரன் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லே தமிழ் நாவில் இவ்வாறு வழங்குகிறது. அச்சொல்லுக்குள் ஓய்வூதியமும், பதக்கமும், பிரெஞ்சுக் குடியுரிமையும், அயலாரின் பொறாமையும் ஒருசேர அடங்கியுள்ளன.

அவர்கள் படைக்குச் சென்ற வழியை அறிய 19ஆம் நூற்றாண்டுக்குப் போகவேண்டும். 1873இல் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காகத் தடுக்கப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, பாரிசின் உயர் நீதிமன்றம்வரை சென்று வென்றார். 1881 செப்டம்பர் 21ஆம் நாளைய ஆணை, சாதி மரபுகளை உள்ளடக்கிய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க விரும்புவோருக்கு வழி திறந்தது. அவ்வாறு துறந்தவர்கள் புதிய குடும்பப் பெயர்களைச் சூடிக்கொண்டார்கள். பொன்னுத்தம்பிப் பிள்ளை தாமும் 'லாபோர்த்' என்ற பெயரை ஏற்றார். துறந்தவர்களில் கிறித்தவர்களும் சாதியால் ஒடுக்கப்பட்டவர்களும் கணிசமானோர். சைகோனில் அலுவலகம், காவல், சுங்கம், படை என்று பல கதவுகள் திறந்தன. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் தமிழ் முசுலிம் வணிகர்களும் ஏற்கெனவே வாழ்ந்த அந்நகரில் புதுச்சேரித் தமிழரும் ஒரு சமூகமாக வேரூன்றினார்கள்.

பிறகு போர்கள் வந்தன. 1940 ஜூனில் பிரான்சு வீழ்ந்தது. செப்டம்பர் 7ஆம் நாள் ஆளுநர் லூயி பொன்வேன் பிரெஞ்சிந்தியாவை ஜெனரல் தெ கோல் அணியில் சேர்த்தார். இந்தோசீனாவோ விஷி அரசுக்குக் கட்டுப்பட்டு நின்றது. அங்கே சப்பானியப் படைகளும் வந்து இறங்கின. ஆகவே புதுச்சேரியில் ஒரு தம்பியும் சைகோனில் ஓர் அண்ணனும் இருந்த குடும்பத்தில், இருவரும் ஒன்றோடொன்று பகைத்த இரண்டு பிரான்சுகளின் குடிமக்களாக இருந்தார்கள். 1945 மார்ச் 9 அன்று சப்பானியர் பிரெஞ்சு நிர்வாகத்தையே கவிழ்த்தார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஹோ சி மின் விடுதலையை அறிவித்தார். 1946 இறுதியில் முழுமையாக மூண்ட போர், 1954 மே 7 அன்று தியன் பியன் பூ வீழ்ந்ததோடு முடிவை நெருங்கியது.

இனி புதுச்சேரியின் நாட்காட்டியை அதன் அருகே வைத்துப் பார்ப்போம். அதே 1954இன் அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்து, 170 பேர் இந்திய இணைப்பை ஆதரித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆறு மாதத்திற்குள், ஒரு குடியேற்ற நாட்டைக் காக்கப் போரிட்டுத் தோற்ற சொல்தாவின் சொந்த ஊரும் அந்தப் பேரரசிலிருந்து விலகியது. அவர் திரும்பி வந்து இறங்கியபோது ஊரில் எந்தக் கொடி பறந்தது என்று ஆவணத்தைக் கொண்டு நாம் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். அதைப் பார்த்து அவர் மனம் என்ன பாடுபட்டது என்பதை அவரே சொன்னால்தான் உண்டு.

ஆவணம் எதைப் பதிகிறது

ஆவணங்களைக் குறைத்துச் சொல்வது எங்கள் நோக்கமன்று. பிரெஞ்சு நிர்வாகம் எழுதிவைப்பதில் வல்லது. குடியேற்றக் காலப் பதிவுகள் எக்சான்புரோவான்சு நகரிலும், படை வரலாற்றுப் பதிவுகள் பாரிசை அடுத்த வென்சேனிலும், வீரர்களின் பணிக் கோப்புகள் பிரான்சின் தென்மேற்கிலுள்ள போ நகரிலும் பாதுகாக்கப்படுகின்றன. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக மடிந்த பதின்மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் அட்டைகளைப் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகம் 2003 முதல் இணையத்தில் காணத் தந்துள்ளது. பெயர், படைப்பிரிவு, எண், பிறந்த நாள், இறந்த இடம், இறந்த விதம் என்று ஒவ்வோர் அட்டையிலும் கட்டங்கள் உண்டு.

முத்தியால்பேட்டையிலோ குருசுக்குப்பத்திலோ இருந்துகொண்டு தாத்தாவைத் தேடும் ஒருவருக்கு முதல் தடை பெயரிலேயே எழுகிறது. பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். கிருஷ்ணசாமி 'கிச்செனசாமி' ஆனார். ழகரமும் ளகரமும் ஒன்றாயின. ஒரே பெயரை வெவ்வேறு எழுத்தர்கள் வெவ்வேறு விதமாக எழுதினார்கள். வீட்டில் வழங்கிய செல்லப் பெயரோ எங்கும் இல்லை. ஆகவே ஆவணத்தைத் திறக்கவே வாய்மொழி தேவைப்படுகிறது. எந்தத் தெரு, யார் மகன், எந்த ஆண்டு கப்பலேறினார், எந்தப் பெயரில் கையெழுத்திட்டார் என்று வீட்டிலுள்ள முதியவர் சொன்னால்தான் தேடல் தொடங்கும்.

இரண்டாவது தடை கட்டங்களே. 'இறந்த விதம்' என்ற கட்டத்தில் நோய் என்று எழுதியிருந்தால் அதோடு கோப்பு மூடப்படுகிறது. அட்டையில் 'சேர்ந்த காரணம்' என்றொரு கட்டம் இல்லை. நாட்டுப்பற்று என்று நினைவுச் சின்னம் அதை நிரப்பிவிடுகிறது. கூலியா, கடனா, சாதி இழிவிலிருந்து விலகிச் செல்லும் வழியா, அண்ணன் போனதால் தம்பியும் போனானா என்பதை அறிய, போனவரையோ அவரை வழியனுப்பியவரையோ கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. இந்தோசீனாவில் வாழ்ந்த பிரெஞ்சிந்தியரைப் பற்றி 2016இல் விரிவான நூல் வெளியிட்ட நடாஷா பேரொதோ, ஆவணக் காப்பகங்களோடு மனிதர்களின் நினைவுகளையும் நாடினார். இரண்டும் சேரும்போதுதான் குடியுரிமை என்ற சட்டச்சொல் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையாகத் தெரிகிறது.

1962 இதற்கு நல்ல சான்று. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை, 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. இப்பகுதியில் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள், ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தால் ஒழிய இந்தியராவார்கள். இங்கே பிறந்தும் அன்று இந்தியாவுக்கு வெளியே வாழ்ந்தவர்கள், தேர்வு ஏதும் செய்யாமலே பிரெஞ்சுக்காரர்களாக நீடித்தார்கள். ஆகவே படையில் வெளிநாட்டில் இருந்த அண்ணன் பிரெஞ்சுக்காரர். நெசவாலைக்குப் போய்க்கொண்டிருந்த தம்பி இந்தியர். ஒரே திண்ணையில் இரண்டு நாடுகள் உட்கார்ந்தன. அண்ணன் பேரப்பிள்ளைகள் பாரிசுக்குப் போனார்கள். தம்பி பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போர் 1954இல் முடிந்தது என்று பாடநூல் எழுதலாம். அந்த வீட்டில் அது பாகப்பிரிவினையாகவும் பேச்சுவார்த்தை நின்றுபோனதாகவும் அடுத்த தலைமுறைக்குப் போனது. கோப்பில் இருப்பது கையெழுத்து. அந்த ஆறு மாதங்களில் வீட்டுக்குள் நடந்த வாக்குவாதத்தைச் சொல்ல மனிதர்கள் வேண்டும்.

மூன்று தேசங்களும் வேண்டாத கதை

இந்தியத் தேசிய வரலாற்றில் சொல்தாவுக்கு இடமில்லை. விடுதலைக்குப் போராடியவர்களின் பட்டியலில் அவர் வரமாட்டார். மறுபக்கத்தில் நின்றவர் அவர். பிரான்சோ தன் குடியேற்றப் போர்களைப் பற்றி நீண்டகாலம் வாய் திறக்கவில்லை. திறந்தபோதும் அல்சீரியா பெரிதாகத் தெரிந்தது, புதுச்சேரி தெரியவில்லை. வியத்நாமுக்கு அவர் ஆக்கிரமிப்புப் படையின் ஆள். இம்மூன்று பார்வைகளுக்கும் அவற்றுக்குரிய நியாயம் உண்டு. ஆனால் மூன்றும் கைவிட்ட பிறகு, அம்மனிதரின் வரலாறு அவருடைய வீட்டுத் திண்ணையில் மட்டுமே எஞ்சியது.

இலக்கியம் இதை முன்னரே உணர்ந்திருக்கிறது. புதுச்சேரியில் வளர்ந்த ஆரி கோத்தியே 2018இல் பிரெஞ்சில் வெளியிட்ட 'திண்ணை' நாவல், குருசுக்குப்பத்தைக் களமாகக் கொண்டு, வரலாறு மறந்த மனிதர்களின் கதைகளைத் திண்ணைப் பேச்சாகவே அமைக்கிறது. நாவலாசிரியர் கேட்டதை வரலாற்று மாணவர் கேளாதிருப்பது நமக்குப் பெருமையன்று.

சொல்தாவின் மனைவியையும் கேட்டாக வேண்டும். இந்தோசீனாவில் மணம்புரிந்து, வியத்நாமியப் பெண்களைப் புதுச்சேரிக்கு அழைத்துவந்தவர்கள் உண்டு. அவர்களுடைய சமையல் இவ்வூர் வீடுகள் சிலவற்றில் இன்றும் தொடர்கிறது. கணவன் எந்தப் படையில் இருந்தானோ அந்தப் படை தன் நாட்டின்மேல் போர் தொடுத்திருந்த காலத்தில் அப்பெண் அவனோடு வாழ்ந்தாள். பிறகு மொழி தெரியாத ஒரு தமிழ் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். போரைப் பற்றி இவ்வூரில் பேசத் தகுதி வாய்ந்தவர் அவளைவிட வேறு யார்? பதக்கம் பெற்றவர்களின் வரிசையில் அவள் நிற்கவில்லை என்பதால் அவளை யாரும் கேட்கவில்லை.

சோவியத் ஒன்றியத்தில் இக்குறையை ஒரு பத்திரிகையாளர் தனியொருவராக நிறைவு செய்தார். இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற பெண்கள் பல நூறு பேரைத் தேடிச் சென்று பேசவைத்த ஸ்வெத்லானா அலெக்ஸீவிச், 1985இல் அக்குரல்களை நூலாக்கினார். வெற்றி விழாக்களில் ஒலிக்காத செய்திகள் அவற்றில் இருந்தன. அளவு பொருந்தாத ஆண் சீருடை, வெட்டப்பட்ட பின்னல், எதிரி வீரனைக் கண்டு எழுந்த இரக்கம் என்று அவர்கள் நினைவு வேறு தடத்தில் சென்றது. 2015இல் அலெக்ஸீவிச்சுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கேட்டு எழுதுவதும் இலக்கியமே என்று உலகம் ஒப்புக்கொண்ட தருணமாக அதைக் கொள்ளலாம்.

நினைவு பொய் சொல்லாதா?

வாசகர்கள் இங்கே ஒரு தடை எழுப்பக்கூடும். நினைவு பிசகும், தன்னைப் பெரிதாக்கும், தான் செய்த கொடுமையை மறைக்கும். இவை யாவும் உண்மை.

நம் மொழியிலேயே ஒரு சான்று உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு, 'எம்டன்' என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டுவீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. சற்று நேரத் தாக்குதல்தான். எனினும் 'அவன் பெரிய எம்டன்' என்று ஓர் உவமையை அது தமிழுக்குத் தந்துவிட்டது. அக்கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்ற செய்தியும் கூடவே பரவியது. ஜெர்மனியில் இருந்துகொண்டு இந்திய விடுதலைக்காக உழைத்த அவர் எம்டனில் வந்தார் என்பதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஆனால் இக்கதை பயனற்றது என்று ஒதுக்கிவிட முடியுமா? ஆங்கிலேயரை அடித்த கப்பலில் நம்மவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு தலைமுறை விரும்பியதை அது காட்டுகிறது. எம்டனின் பயணக் குறிப்பில் அவ்விருப்பம் பதிவாகாது.

இத்தாலிய ஆய்வாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி இதை ஒரு முறையியலாகவே வளர்த்தார். தெர்னி நகரத்துத் தொழிலாளி லுயிஜி த்ராஸ்துல்லி 1949 மார்ச் 17 அன்று, நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்தில் காவலரால் கொல்லப்பட்டார். ஆண்டுகள் கழித்துப் போர்த்தெல்லி கேட்டபோது, பலர் அம்மரணத்தை 1953இல் நடந்த பெரும் ஆட்குறைப்புப் போராட்டத்தில் நிகழ்ந்ததாகச் சொன்னார்கள். அனைவரும் ஒரே திசையில் பிசகியிருந்தார்கள். தங்கள் வாழ்வில் பெரிய அடி எதுவோ அதோடு அவர்கள் அம்மரணத்தைச் சேர்த்துவிட்டார்கள் என்று அவர் கண்டார். பிசகு எங்கே என்பதை அறிய ஆவணம் வேண்டும். பிசகின் பொருளை அறிய மனிதர் வேண்டும்.

கொடுமையை மறைப்பது இன்னும் கடினமான கேள்வி. இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படை கிராமங்களின்மேல் நடத்திய வன்முறையில் நம்மவர்கள் பார்வையாளர்களாக மட்டுமே இருந்தார்கள் என்று நம்பிக்கொள்வது வசதியானது. சொல்தாவின் கதையை வீரக்கதையாக மட்டும் கேட்டுத் திரும்புபவர், இரண்டாவது நினைவுச் சின்னம் ஒன்றைக் கட்டிவிட்டு வருகிறார். அவர் எங்கே பேச்சை நிறுத்துகிறார், எதைக் கேட்டால் தண்ணீர் கேட்டு எழுந்துபோகிறார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதே போரை எதிர்ப்புறம் நின்று கண்டவர்களின் சொல்லையும் தேடிப் பக்கத்தில் வைக்கவேண்டும்.

எதைக் கேட்பது, எப்படிக் காப்பது

கேட்பவரின் நோக்கம் கிடைக்கும் பொருளையே மாற்றிவிடும். முதல் உலகப் போரில் ஜெர்மனியரிடம் சிறைப்பட்ட இந்திய வீரர்கள், பெர்லினை அடுத்த பிறைநிலா முகாமில் வைக்கப்பட்டிருந்தார்கள். 1915 முதல் 1918 வரை ஜெர்மானிய மொழியியலாளர்கள் அங்கே சிறைப்பட்டவர்களின் குரல்களை இசைத்தட்டில் பதிந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது மொழி மாதிரி. 1916 டிசம்பர் 11 அன்று மால் சிங் என்ற பஞ்சாபி வீரர் அக்கருவியின் முன் நின்றார். இந்துஸ்தானில் வெண்ணெய் உண்டு வாழ்ந்த ஒரு மனிதன் என்று தம்மைப் பற்றிப் பிறர் கதைபோலச் சொல்லி, ஊர் திரும்பும் ஏக்கத்தை ஒரு நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலான நேரத்தில் பதிந்துவிட்டார். அறிஞர்கள் ஒலியைக் கேட்டார்கள். அவர் தம் துயரத்தைச் சொல்லிவிட்டார். அக்குரல் இன்றும் பெர்லின் ஒலிக்காப்பகத்தில் இருக்கிறது. அதே போருக்குச் சென்ற புதுச்சேரிக்காரர் ஒருவரின் குரலை நாம் அவ்வாறு கேட்டதில்லை.

புதுச்சேரிக்குக் கேட்கத் தெரியாது என்று சொல்வதற்கில்லை. ஒரு குலத்தின் இடப்பெயர்வை மூதாட்டி ஒருவரின் நினைவிலிருந்து 'கோபல்ல கிராமம்' என்ற நாவலாக எழுப்பிய கி. ராஜநாராயணன், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டாரியல் பணிக்காக வந்து, 2021 மே மாதம் மறையும்வரை இவ்வூரிலேயே வாழ்ந்தார். நாட்டுப்புறக் கதைகளைச் சொல்பவரின் வாய்ச்சொல் கெடாமல் பதியவேண்டும் என்று அவர் வலியுறுத்தியதை இங்குள்ளோர் அறிவார்கள். கதைக்குக் காட்டிய அந்த அக்கறையைப் போர் நினைவுக்கும் நாம் காட்டவேண்டும்.

இதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை. கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவியாகிவிட்ட காலம் இது. எந்தப் போரில் எந்தப் படைப்பிரிவில் இருந்தீர்கள் என்று தொடங்கினால், பலமுறை ஒப்பித்த விடை வரும். முதல் மாதச் சம்பளத்தில் என்ன வாங்கி அனுப்பினீர்கள், முகாமில் என்ன உண்டீர்கள், வீட்டுக்குக் கடிதம் யார் எழுதிக்கொடுத்தார்கள், திரும்பிவந்தபோது உங்களை முதலில் அடையாளம் கண்டவர் யார் என்று கேட்டால் பேச்சு வேறு இடத்துக்குப் போகும். மனைவி பேச வரும்போது கணவரின் குறுக்கீடு இல்லாத நேரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பேசியவரின் தமிழைத் திருத்தி எழுதக்கூடாது. அதில் கலந்துள்ள பிரெஞ்சும் வியத்நாமியமும் அவருடைய வரலாற்றின் பகுதி. பேசிய நாள், இடம், உடனிருந்தவர்கள் ஆகியவற்றைக் குறித்து, அவருடைய ஒப்புதலோடு ஒரு பிரதியைக் குடும்பத்திடமும் மற்றொன்றை ஒரு நூலகத்திடமும் ஒப்படைக்க வேண்டும். பதக்கமும் படைப்புத்தகமும் புகைப்படமும் இருந்தால் அவற்றின் பின்கதையையும் கேட்டுப் பதியலாம்.

இந்தோசீனாவுக்குச் சென்றவர்களில் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. அல்சீரியப் போர் முடிந்த 1962இல் இருபது வயதிலிருந்தவர்களும் எண்பதைக் கடந்துவிட்டார்கள். அவர்களுடைய மனைவியரும் பிள்ளைகளும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வாசகர்களில் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளைச் சேர்ந்தவர்கள் தத்தம் தெருவில் சொல்தா வீடு எது என்று அறிந்திருப்பார்கள். வரும் ஜூலை 14 வரை காத்திருக்காமல், ஒரு சாதாரண நாளில், மாலை வேளையில் அங்கே போய்க் கேளுங்கள். 1760இல் வேலிக்கு நடுவே கிடந்தவர்களைக் கேட்க அன்று எவரும் இல்லை. இன்று கேட்பதற்கு நாம் இருக்கிறோம்.